இலக்கமும் இருப்பிடமும்

ஒரு பொருளுக்கு இலக்கமிடுவதும் அப்பொருள் இருக்கும் இடத்துக்கு இலக்கமிடுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டின் முழுப்பொருளையும் தானியங்கி நாடா நூலகமொன்றிற் பணிபுரிந்த காலத்திலேயே நான் உணர்ந்தேன்.

நாடா நூலகம் என்பது பெரியதோர் அலுமாரி. கணினித் தரவுகளைத் தாங்கிய காந்த நாடாப் பேழைகள் அதன் மாடங்களில் அடுக்கப்பட்டிருக்கும். வேண்டிய பேழையை இயந்திரக் கை எடுத்துச் சென்று வாசிப்பானில் இடும். மாடம் ஒன்றே, அதற்கு வழங்கும் இலக்கங்களோ பல. ஐ.பி.எம். நிறுவனத்தின் 3584 என்னும் நூலகத்தை நோக்குவோம். பழுதுபார்ப்பவர் 'முதலாம் சட்டகம், மூன்றாம் நிரல், இருபத்திரண்டாம் நிரை' என்று இடத்தைச் சுட்டுவார். கணினியோடு பேசுமிடத்து அதே நூலகம் இயந்திரக் கைக்கு 1, வாசிப்பான்களுக்கு 257 முதல், சேமிப்பு மாடங்களுக்கு 1025 முதல் என முகவரி கூறும். லினக்ஸில் வழங்கும் எம்.டி.எக்ஸ். என்னும் மென்பொருளோ மாடங்களை 1 இலிருந்தும் வாசிப்பான்களை 0 இலிருந்தும் எண்ணும். ஓர் இலக்கம் ஓர் உறுப்புக்கே உரியதாதல் வேண்டும் என்பது நியமம். எவ்விலக்கத்தில் தொடங்குவது என்பது உற்பத்தியாளர் விருப்பம். ஆதலின் மென்பொருள் முதலில் நூலகத்தைக் கேட்டறிந்தே தன் கணக்கை அமைத்துக்கொள்கிறது.

பேழையின் பெயர் இவ்விலக்கங்களுள் ஒன்றன்று. அதன்மேல் ஒட்டிய பட்டைக்குறியீடே அதன் பெயர். எந்த மாடத்துக்கு மாறினும் அப்பெயர் மாறாது. கதவைத் திறந்து மூடினால், இயந்திரம் பட்டைக்குறியீடுகளை மீண்டும் வாசித்து, எது எங்கே உள்ளதெனப் புதிதாய்ப் பதிந்துகொள்ளும். (நாடாவுக்குக் கிடைத்த இச்சலுகையை எண்ணிச் சிலவேளை எனக்குப் பொறாமை எழுந்ததுண்டு.)

பொகவந்தலாவையில் நான் வளர்ந்த தோட்டத்திலும் யாவும் இலக்கமே. மலைக்கு இலக்கம், லயனுக்கு இலக்கம், காம்பராவுக்கு இலக்கம், பிரட்டுக்களத்தில் ஆளுக்குச் செக்ரோல் இலக்கம். 'நாலாம் நம்பர் மலை' என்றால் எவருக்கும் விளங்கும். ஆனால் லயனின் இலக்கத்தைச் சொல்லி வழி கேட்டால், "கோயில் லயனா, மேட்டு லயனா?" என்றே திருப்பிக் கேட்பார்கள். சுவரிலிருந்த இலக்கம் காரியாலயத்தின் பேரேட்டுக்கு உரியது; குடியிருந்தோர் தமக்கென வேறு பெயர் வைத்திருந்தனர்.

கடிதங்கள் இவ்விரு முறைகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டன. உறையில் ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், பொகவந்தலாவை, அவ்வளவே. காம்பரா இலக்கத்தைத் தபால் கந்தோர் அறியாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரும். ஒரே பெயருடையோர் ஒரு தோட்டத்தில் நால்வர் ஐவர் இருப்பர். எங்கள் லயனிலிருந்த அண்ணன் ஒருவருக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், அவர் பெயரையே கொண்ட மற்றொருவரின் காம்பராவில் பத்து நாள் கிடந்தது. அவர் உறையைப் பிரித்தபோது திகதி கடந்துவிட்டிருந்தது. அவ்வேலை அவருக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. போய்க் கேட்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இதனினும் பெரிய இழப்பு முன்னரே நிகழ்ந்திருந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான 1949ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பிப்போர் இந்நாட்டில் இடையறாது வதிந்தமையை நிரூபிக்குமாறு கோரியது. தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தோரிடம் தம் பெயரையும் அவ்விடத்தையும் இணைத்துக் காட்டும் ஆவணம் மிக அரிது. செக்ரோல் அவர்களின் உழைப்பை நாள்தோறும் எண்ணியது; வீட்டை அவர்களுக்குரியதாக எந்த ஏடும் எழுதவில்லை. விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

2015ஆம் ஆண்டின் பின்னர், மலையகத்தின் சில இடங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழுந்தன, உறுதிகளும் வழங்கப்பட்டன. எனினும் லயன்களில் வாழ்வோர் இன்றும் பலர். உறவினருக்குக் கடிதம் எழுதும்போது நான் உறையில் தோட்டத்தின் பெயரோடு லயன் இலக்கம், காம்பரா இலக்கம் இரண்டையும் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'கோயில் லயன்' என்றும் சேர்த்து விடுகிறேன்.