கிணற்றுக்குள் ஒரு வினா



அடர்த்தி என்றால் என்ன? "ஓரலகுக் கனவளவின் திணிவு" என்று எழுதினால் உங்களுக்குப் புள்ளி கிடைக்கும். புங்குடுதீவில் வளர்ந்த எனக்கோ அது குடிதண்ணீர் பற்றிய வினா.

எங்கள் தீவைச் சுற்றிலும் கடல். நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழைநீர் அக்கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. காரணம் என்ன? நன்னீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1025 கிலோகிராம். வித்தியாசம் 25 மட்டுமே.

இனிக் கணித்துப் பாருங்கள். 1000 ÷ 25 = 40. அதாவது, இரு நீரும் சமநிலையில் இருக்கையில், கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீரைப் போல் 40 மடங்கு ஆழத்துக்குக் கீழேயும் நன்னீர் இருக்கும். மேலே 10 சென்ரிமீற்றர் குறைந்து அப்படியே நீடித்தால், கீழே உவர்நீர் 4 மீற்றர் உயர்ந்துவிடும். நீரிறைக்கும் இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவராவது இதனாற்றான். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் இருந்தது.

பயிற்சி வினா: நன்னீர் மட்டம் 5 சென்ரிமீற்றர் குறைந்தால் உவர்நீர் எவ்வளவு உயரும்? விடையைக் கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் கிணறு இருந்தால் பெற்றோருக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.