முடுக்கும் முன் தரையில் இறக்குங்கள்

 

மேலப்பாளையத்தில் மதரஸா ஒன்றில் நாம் ஓதிக் கொடுத்து வருகிறோம். எமது தாயார் கடையநல்லூரில் வசிக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்னர், மருத்துவரிடம் காட்டுவதற்காக மாதந்தோறும் அவரைத் தென்காசி, ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்கு எமது பழைய காரில் அழைத்து வருகிறோம். வேகத்தடை ஒவ்வொன்றையும் கடந்த பின்னரும் காரின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளிய பின்னரே அடங்கியது. குனிந்து பார்த்தபோது, பின்சக்கரங்களின் ஷாக் அப்ஸார்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது.

வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஷாக் அப்ஸார்பர் என்றே நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் துள்ளிக் கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்ஸார்பரின் வேலை. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே சிரமப்பட்டுச் செல்லும்போது துள்ளல் ஓய்கிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் பயணம் அசௌகரியமாவதோடு நிற்பதில்லை. டயர் சாலையை விட்டு எழும்புவதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுகிறது. டயரும் திட்டுத்திட்டாகத் தேய்கிறது.

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அவரிடமே வண்டியைக் கொடுத்தோம். ஷாக் அப்ஸார்பர்களை ஒருபக்கம் மட்டும் மாற்றக் கூடாது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னது சரியே. அச்சைத் தாங்கும் ஆர்ம்களில் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தன; அவற்றையும் புதிதாக மாற்றினார். வண்டி ஸ்டாண்டின்மேல் நிற்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, எல்லாப் போல்ட்களையும் பலங்கொண்ட மட்டும் முடுக்கினார். நாம் அருகில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம். “அஸருக்குப் பிறகு வகுப்பு இருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடு தம்பி” என்று இருமுறை சொன்னோம்.

வண்டி சுகமாக ஓடியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான்கே மாதங்களில் பின்பக்கத்திலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை எழத் தொடங்கியது. ஆலங்குளத்தைத் தாண்டிய ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது, தாயார் கதவின் மேலிருந்த கைப்பிடியை இறுகப் பற்றிக் கண்களை மூடிக் கொண்டதைக் கண்ணாடியில் கண்டோம். “வலிக்கிறதா?” என்று கேட்டோம். “இல்லை, நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு” என்றார். அந்த விடை எம்மை மிகவும் வருத்தியது.

திருநெல்வேலியில் நீண்ட காலமாகப் பட்டறை நடத்தும் அண்ணாச்சி ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். குழிக்குள் இறங்கி விளக்கடித்துப் பார்த்தவர், எம்மையும் கீழே அழைத்தார்.

“ஷாக் அப்ஸார்பர் நன்றாகத்தான் இருக்கிறது பாய். புஷ்தான் கிழிந்துவிட்டது. வண்டியைத் தூக்கி வைத்தபடியே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள்.”

அவர் விளக்கியதை எமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். இவ்வகைப் புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழல். அதைச் சுற்றி ரப்பர். போல்ட்டை முடுக்கியதும் அந்தக் குழல் அசையாமல் பூட்டப்படுகிறது. அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் அசைவதெல்லாம் ரப்பர் முறுகிக் கொடுப்பதனால்தான். வண்டி தரையில் நிற்கும் நிலையில் முடுக்கினால், ரப்பர் முறுக்கமின்றி இருக்கும். மேலும் கீழும் அளவாக முறுகித் தன் நிலைக்குத் திரும்பும். சக்கரம் தொங்கும்போது முடுக்கினாலோ, வண்டியைத் தரையில் இறக்கிய அக்கணமே ரப்பர் முறுகிவிடுகிறது. நிறுத்தி வைத்திருக்கும் இரவிலும் அது முறுகியே கிடக்கிறது. பள்ளங்கள் அம்முறுக்கத்தை மேலும் கூட்ட, புதிய ரப்பரும் விரைவிலேயே கிழிகிறது.

அண்ணாச்சியிடமே சரிசெய்து கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். மாணவர்மீது கோபம் வந்தது. “அவனிடம் யார் கொடுக்கச் சொன்னது? ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்” என்று நண்பர் ஒருவர் கூறினார். அவர் இல்லாத இடத்தில் அவரது குறையைப் பேசினால் அது புறமாகிவிடும். அவரிடமே சொன்னால், அடுத்தடுத்து அவர் தொடும் வண்டிகளில் ஏறும் குடும்பங்களுக்காவது பயன் கிடைக்கும். மேலும், அன்று கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தியவர் யார்? அந்தக் கேள்வியிலிருந்து எம்மால் தப்ப முடியவில்லை.

மறுநாள் தனியாகச் சென்று, கேட்டதைச் சொன்னோம். மாணவர் முகம் வாடிவிட்டது. “ஹஜ்ரத், எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் இப்படித்தான் முடுக்குவார். நான் வேறு விதம் பார்த்ததேயில்லை” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்த அண்ணாச்சியிடம் என்னைக் கூட்டிச் செல்வீர்களா?” என்று அவரே கேட்டார்.

அண்ணாச்சியின் பட்டறையில் அவ்வேலை மறுபடியும் நடந்தது. புதிய புஷ்களைப் பொருத்தி, போல்ட்களைக் கையளவு இறுக்கத்தில் மட்டும் மாட்டினார்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தைப் பலமுறை அழுத்தி விட்டார்கள். முன்னும் பின்னும் உருட்டி, குழியின் மேல் நிறுத்தினார்கள். சக்கரங்கள் முழுப் பாரத்தையும் தாங்கி நின்ற பிறகே, மாணவர் குழியில் இறங்கி டார்க் ரெஞ்சால் இறுதியாக முடுக்கினார். எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு விசை என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் தரப்பட்டிருக்கும். 90 நியூட்டன் மீட்டர் என்றால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஏறத்தாழ 9 கிலோ எடை தொங்கும் விசை. குறைந்தால் போல்ட் தளரும். மிகுந்தால் அதன் மரை கெடும். கைப்பலத்தை நம்பி இதை மதிப்பிட முடியாது என்று அண்ணாச்சி சொன்னார். ஒருமுறை முடுக்கிய பூட்டு நட்களை மீண்டும் பயன்படுத்தாமல் புதியவற்றையே போட்டார்கள்.

பட்டறைக்குச் செல்லும் சகோதரர்கள் மூன்றை மட்டும் கேளுங்கள்: இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுகிறார்களா? புஷ் உள்ள போல்ட்களை வண்டி தரையில் நின்ற பிறகு முடுக்குகிறார்களா? டார்க் ரெஞ்ச் உண்டா? கேட்டுவிட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். வீட்டிலேயே முயல்பவர்கள் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் செல்ல வேண்டாம்.

மதரஸாவிலும் எமக்கு இது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஓர் எழுத்தின் உச்சரிப்பைப் பிள்ளை தவறாகப் பிடித்துக் கொண்டால், பல ஆண்டுகள் ஓதியும் அது நேராவதில்லை. பாடம் முடிய வேண்டுமென்ற அவசரத்தில் அதைக் கடந்து சென்ற ஆசிரியருக்கும் அதில் பங்குண்டு. அன்றிலிருந்து பாடத்தைச் சற்று மெதுவாகவே நடத்துகிறோம்.

சென்ற மாதம் அதே சாலையில் தாயாரை அழைத்து வந்தோம். ஆலங்குளத்தைத் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தோம். கைகள் மடியில் கிடக்க, உறங்கிக் கொண்டிருந்தார்.

பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலையையும் அமானிதமாகக் கருதிச் செம்மையாகச் செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.