கறுப்பு ஒயர்

காரில் ஆம்ப்ளிஃபயர் மாட்ட இரண்டு தடித்த ஒயர்கள் வேண்டும். சிவப்பு ஒயர் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பி டிக்கி வரை வரும். கறுப்பு ஒயர் ஆம்ப்பிலிருந்து இறங்கி, பக்கத்திலேயே வண்டியின் தகட்டைத் தொட்டு நின்றுவிடும். அதுதான் எர்த். பேட்டரியின் நெகட்டிவும் அதே தகட்டில்தான் சேர்ந்திருக்கிறது. சிவப்பில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவும் கறுப்பு வழியாக இறங்கி, தகட்டில் ஓடி, பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் என் அக்கறை முழுவதையும் சிவப்பு ஒயருக்கே கொடுத்துவிட்டேன்.

அந்த அக்கறையில் குறை சொல்ல முடியாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் செம்பு கடத்துவதில் 60 சதவீதத்தைத்தான் அலுமினியம் கடத்தும் என்பதால், அதை விட்டுவிட்டு முழுச் செம்பு ஒயராகத் தேடி வாங்கினேன். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வைத்தேன். ஒயர் எங்காவது தோல் உரிந்து தகட்டில் பட்டால், தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான். எஞ்சின் பக்கத்துத் தகட்டை ஒயர் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டேன். பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ ஒயரில் இரைச்சல் ஏறாதபடி அதை வண்டியின் மறுபக்கமாக இழுத்து வந்தேன். எல்லாம் முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கறுப்பு ஒயர் மட்டும் மிச்சம். பின்சீட் பெல்ட்டின் போல்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதைத் தளர்த்தி, ஒயர் முனையின் திம்பிளை நுழைத்து, மறுபடி முறுக்கி வைத்தேன்.

அன்று இரவு பாட்டு அருமையாகக் கேட்டது. ஒலியைக் கூட்டாத வரை எந்தக் குறையும் தெரியவில்லை. கூட்டினால், ஊஃபர் நாலு அடி அடிப்பதற்குள் ஆம்ப்பின் பச்சை விளக்கு சிவப்பாகி, சத்தம் நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் தானாகத் திரும்பி வரும். சில வாரங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஓர் ஊளை, ஸ்பீக்கர் எல்லாவற்றிலும்.

மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. இரண்டுமே சரி. பாட்டை நிறுத்திவிட்டு ஆம்ப்பின் முனைகளில் வைத்தேன். அங்கேயும் ஏறக்குறைய அதே அளவு. எர்த் முனைக்கும் வண்டித் தகட்டுக்கும் இடையே எத்தனை ஓம் என்று பார்த்தேன். 0.3 காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 காட்டும். ஆக, மிச்சம் 0.1. அது ஒரு பொருட்டா? எர்த் நன்றாக இருக்கிறது, ஒயரிங்கில் குறையே இல்லை, ஆம்ப்தான் பழுது என்று முடிவுகட்டினேன்.

ஆம்ப் வாங்கியது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சிறிய கடையில். கடைக்காரப் பாய் எனக்குப் பல வருடப் பழக்கம். ஆம்ப்பை வாங்கி மேசையில் வைத்து, தன் பேட்டரியில் இணைத்து, சத்தமாகவே ஓடவிட்டுப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"எர்த் எங்க குடுத்திருக்கீங்க தம்பி?"

"அதெல்லாம் மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன் பாய். ஆம்ப்லதான் பிரச்சினை."

அவர் கேட்டது எங்கே என்று. நான் சொன்னது அதற்குப் பதிலே இல்லை. அவர் மேலே எதுவும் கேட்காமல், பெட்டி பிரிக்காத வேறொரு ஆம்ப்பை எடுத்துக் கொடுத்தார். அதுவும் என் வண்டியில் அதே போல நின்றது. மறுபடியும் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியாகவே, மட்டமான சரக்கை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் சிலதும் சொன்னேன். பாய் குரலை உயர்த்தவில்லை. "வண்டிய ஒரு தடவ கொண்டாங்க சார், பாத்துடலாம்" என்றார். நான் கொண்டுபோகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கியைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். பாயின் மேசையில் நன்றாக ஓடும் ஆம்ப், என் வண்டியில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? இதுவரை நான் அளந்ததெல்லாம் பாட்டு ஓடாதபோது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓம் பார்க்கும்போது மீட்டர் தன் சின்ன பேட்டரியிலிருந்து துளி மின்சாரத்தைத்தான் அனுப்பிப் பார்க்கிறது. ஆளில்லாத ஊஞ்சலின் சங்கிலியை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, நாலு பேர் உட்காரலாம் என்று சொல்வதைப் போன்றது அது. சுமை ஏறும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

நீளமான ஒயர் ஒன்றை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, டிக்கி வரை இழுத்து வந்து மீட்டரின் கறுப்பு முனையோடு சேர்த்தேன். சிவப்பு முனையை ஆம்ப்பின் எர்த் முனையில் வைத்தேன். இரண்டுமே எர்த், நடுவில் வோல்ட் எதுவும் இருக்கக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, ஏற்ற இறக்கமில்லாத 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, மெல்ல மெல்லக் கூட்டினேன்.

0.4. கூட்டினேன். 1.1. இன்னும் கொஞ்சம். 2.3. கை நின்றது. பிறகு மேலும் கூட்டினேன். 3.6 என்று காட்டிய நொடியில் ஆம்ப்பின் விளக்கு சிவப்பானது, சத்தம் அடங்கியது, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

அந்த 400 வாட்ஸ் ஆம்ப் முழுமூச்சில் ஓடினால் 40 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 40 ஆம்பியரை 0.1 ஓமால் பெருக்கினால் 4 வோல்ட். நான் பொருட்படுத்தாத அந்த 0.1 இதுதான். பேட்டரியில் 14 வோல்ட் இருந்தும் ஆம்ப்புக்குக் கிடைத்தது 10 சொச்சம். அந்த அளவுக்கு இறங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள ஆம்ப் நின்றுவிடும். பழுதாகி நிற்கவில்லை, ஒழுங்காக வேலை செய்ததால்தான் நின்றது. இரண்டு ஆம்ப்களும்.

பெல்ட் போல்ட்டைத் தொட்டேன். சுட்டது. கழற்றினேன். திம்பிளுக்குக் கீழே தகட்டின் பெயின்ட் அப்படியே இருந்தது. ஓரத்தில் நகக்கீறல் அளவு மட்டும் உரிந்து, அதைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தது. போல்ட்டின் மரையில் கழன்றுவராமல் இருக்கக் கம்பெனியில் பூசிய பசை. இத்தனை நாளும் மின்சாரம் முழுவதும் அந்தக் கீறல் வழியாகத்தான் முண்டியடித்துத் திரும்பியிருக்கிறது. போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் என் மகள் பின்சீட்டில் உட்காருவாள். உயிர் காக்கும் போல்ட் என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, கைக்கு எட்டுகிறது என்பது மட்டும்தான்.

சர்வீஸ் சென்டரில் அந்த போல்ட்டைப் புதிதாக மாற்றி, உரிய அளவுக்கு முறுக்கித் தரச் சொன்னேன். எர்த்துக்கு டிக்கியின் தரையில் தடித்த தகடாக ஓர் இடம் பார்த்து, கீழே பெட்ரோல் டேங்க்கோ குழாயோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு துளையிட்டேன். உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்துத் தகட்டைப் பளபளப்பாக்கினேன். பல் வாஷர் போட்டு நட்டை இறுக்கி, துருப்பிடிக்காதபடி மேலே பெயின்ட் பூசினேன். மறுபடி அதே 50 ஹெர்ட்ஸ், அதே சத்தம். மீட்டர் 0.08 காட்டியது. ஆம்ப் நிற்கவில்லை.

ஊளை மட்டும் போகவில்லை. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் கிடைத்த வழியில் எல்லாம் போகப் பார்க்கும். ஆர்.சி.ஏ ஒயரின் வெளியுறையும் எர்த்தோடு சேர்ந்ததுதான். அதன் வழியாக ஒரு பங்கு ஸ்டீரியோவுக்குள் புகுந்து, அங்கிருந்த மெல்லிய எர்த் தடத்தை எரித்திருந்தது. காரணத்தைச் சரிசெய்த பிறகும் அது செய்த சேதம் அப்படியே இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டெக்னீஷியன் ஸ்டீரியோவைப் பிரித்து, அந்த இடத்தைக் காட்டி, சாலிடர் வைத்துக் கொடுத்தார்.

பாயின் கடைக்குப் போகத்தான் நாளாயிற்று. போனபோது அன்றைக்கு இருந்த ஆட்கள் யாரும் இல்லை, வேறு சிலர் இருந்தார்கள். நான் சத்தம் போட்ட அதே இடத்தில் நின்று, பெயின்ட்டையும் பெல்ட் போல்ட்டையும் பற்றி அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எத்தன வோல்ட் விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"மூணரைக்கு மேல பாய்."

"எர்த் எங்கன்னு அன்னிக்கே கேட்டேன் சார்."

"கேட்டீங்க. நான்தான் பதில் சொல்லல."

நான் திருப்பிக் கொடுத்த முதல் ஆம்ப், பெட்டி பிரித்தது என்பதால் விலை குறைந்துதான் போயிருந்தது. அந்த வித்தியாசத்தை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, "வேற எதுனா வேணுமா சார்?" என்று கேட்டார். எதுவும் வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் எதையாவது கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நிற்கவேண்டும் போலிருந்தது. நாலு பல் வாஷர் கேட்டேன்.