நாலு எல்லையும் நாலு நாட்டில்

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் பை இருந்தது. அதற்குள் யாழ்ப்பாணத்து வசாவிளானில் உள்ள எங்கள் தோட்டக்காணியின் உறுதி. 1990 ஆனியில் போரால் வலிகாமம் வடக்கு முழுவதும் எழும்பி ஓடியபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டார். அப்பா உறுதியை எடுத்துக்கொண்டார். எனக்கு நாலு வயது. மானிப்பாய், 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரி, பிறகு வன்னி, கொழும்பு, 1997இல் லண்டன் என்று நாங்கள் போன இடமெல்லாம் அந்தப் பையும் வந்தது. காணி ஆறு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். எவ்வளவு சின்னத் துண்டு என்று ஊரவர்களுக்கு விளங்கும்.

2004இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் சந்தோஷம், பாடத்தின் பெயரைக் கேட்கும்வரை. "லாண்ட் இக்கொனமியோ? அது என்ன பிள்ளை, காணி வித்து வாங்கிறதுக்கு ஒரு படிப்போ?" என்றார் பெரியப்பா. டொக்டர், என்ஜினியர், எக்கவுண்டன் என்ற மூன்று வாசல்களும் அவருக்குத் தெரியும். நாலாவது வாசல் எங்கே போய்த் திறக்கும் என்று எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "காணியைப் பற்றித்தானே, படி" என்றார்.

சில்வர் வீதி 19ஆம் இலக்கத்தில் இருந்தது எங்கள் துறை. பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளுக்கு எஸ்டேட் நிர்வாகம் சொல்லிக்கொடுத்த பழைய துறை ஒன்று, 1960களில் பேராசிரியர் டொனால்ட் டென்மன் காலத்தில் காணிப் பொருளியலாக மாறியது. மூன்று ஆண்டுப் படிப்பில் பொருளியல், சட்டம், சூழல் மூன்றும் ஒன்றாகப் பின்னி வரும். ஒரு வயலை எடுத்தால் அதன் விலை என்ன, அதில் யாருக்கு என்ன உரித்து, அதிலிருந்து வடியும் தண்ணீர் யாரைப் பாதிக்கும் என்ற மூன்று கேள்விகளையும் ஒருமிக்கக் கேட்கவேண்டும். கிழமைதோறும் இரண்டு மூன்று பேராக ஆசிரியருக்கு முன்னால் இருந்து, எழுதிய கட்டுரைக்குப் பதில் சொல்லவேண்டும். அந்த அறைகளில்தான் நான் உண்மையில் படித்தேன்.

முதல் தவணையிலேயே ஒன்று என்னை உலுக்கியது. ஆங்கிலேயச் சட்டத்தில் காணிக்கு முழுச் சொந்தக்காரர் முடியரசு ஒன்றுதான். மற்ற எவரிடமும் இருப்பது காணியில் ஓர் உரித்து மட்டுமே. அந்த உரித்தும் ஒரு பொருளை வைத்திருப்பது போன்றதன்று. ஒரு பொருளைப் பற்றி மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்று ஆசிரியர் சொன்னார். அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய் உறுதியை எடுத்துப் படித்தேன். விஸ்தீரணம் ஒரு வரியில் முடிந்திருந்தது. மிச்சமெல்லாம் ஆட்கள். கிழக்கு எல்லை இன்னாருடைய காணி, வடக்கு எல்லை இன்னாருடையது, தெற்கும் மேற்கும் இன்னின்னாருடையவை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரித்து. எங்கள் காணி எது என்று சொல்வதற்கு நொத்தாரிசு நாலு அயலவரின் பெயரைத்தான் எழுதியிருந்தார். ஆசிரியர் சொன்னது எங்கள் சாமித்தட்டில் ஏற்கெனவே இருந்தது.

இரண்டாம் ஆண்டில் எதிரிடை உடைமை என்ற பாடம் வந்தது. சொந்தக்காரர் அல்லாதவர் ஒரு காணியை நீண்டகாலம் தடையின்றி ஆண்டால், அது அவருக்கே போய்விடும் என்ற சட்டம். பேர்க்ஷயரில் 23 ஹெக்டேயர் காணி வைத்திருந்த பை என்ற கொம்பனிக்கும் அதில் மாடு மேய்த்த கிரகாம் குடும்பத்துக்கும் நடந்த வழக்குத்தான் எங்களுக்கு உதாரணம். மேய்ச்சல் அனுமதி 1983 முடிவோடு காலாவதியானது. கிரகாம் குடும்பம் காணியை விடவில்லை. கொம்பனி 12 ஆண்டுக்கு மேல் பேசாமல் இருந்தது. 2002இல் பிரபுக்கள் சபை காணி கிரகாம் பக்கம் என்று தீர்த்தது. நான் படித்துக்கொண்டிருந்த 2005 கார்த்திகையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, இது சொத்துரிமை மீறல் என்று 4க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. 2007இல் பெரும் அமர்வு அதை மாற்றி, மீறல் இல்லை என்று 10க்கு 7 என்று முடித்தது.

வகுப்பில் எல்லோரும் கிரகாம் பக்கமா கொம்பனி பக்கமா என்று வாதிட்டார்கள். எனக்கு வேறொரு கேள்வி தொண்டையில் நின்றது. சொந்தக்காரர் பேசாமல் இருந்தது அக்கறையின்மையால் அல்லாமல், காணிக்குப் போனால் சுட்டுவிடுவார்கள் என்பதால் என்றால்? அன்று அதைக் கேட்டேன். ஆசிரியர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இந்தச் சட்டம் சமாதான காலத்தை எண்ணி எழுதப்பட்டது" என்றார். அதைவிட நேர்மையான பதிலை நான் அங்கே கேட்டதில்லை. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து ஆண்டு ஆண்டாலே போதும். போரால் தங்கள் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களை அந்தப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து காப்பாற்ற ஒரு விசேட சட்டம் வந்தது 2016இல்தான். போர் முடிந்து ஏழு ஆண்டு கழித்து.

பல்கலைக்கழக நூலகத்தில் நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழமைகளையும் பற்றி எழுதிய நூலைத் தேடி எடுத்தேன். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தின் முதுசமும் சீதனமும் தேடியதேட்டமும் அதில் விளக்கமாக இருந்தன. காணியை வெளியாருக்கு விற்கமுன் கூட்டுப்பங்காளிக்கும் உரித்தாளிக்கும் அறிவிக்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. அம்மம்மாவின் வாயில் கேட்ட சொற்களை ஓர் ஆங்கில நூலகத்தில், எண் ஒட்டிய தடித்த புத்தகத்தில் கண்டபோது, நான் படிக்க வந்தது அந்நியப் பாடம் அல்ல என்று முதல்முறையாகத் தோன்றியது.

சூழல் பொருளியலில் விலை இல்லாதவற்றுக்கு விலை காண ஒரு முறை உண்டு. மக்களிடமே கேட்பது: இந்தச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற எவ்வளவு கொடுப்பீர்கள்? அல்லது, இதை இழப்பதற்கு எவ்வளவு வாங்கிக்கொள்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே விடை வரவேண்டும் என்று பழைய கோட்பாடு எதிர்பார்த்தது. நடைமுறையில் இரண்டாவது தொகை பெரும்பாலும் பெரிதாகவே வருகிறது. ஒரு விடுமுறையில் குசினி மேசையில் அப்பாவிடம் இதே இரண்டு கேள்வியையும் கேட்டேன்.

"வசாவிளான் காணியை விக்கிறதெண்டா எவ்வளவு கேப்பியள், அப்பா?"

"விலை எண்டு சந்தைக்குப் போற சாமானுக்குச் சொல்லலாம் பிள்ளை. ஐயா வெட்டின கிணத்துக்கு நான் என்ன விலை சொல்லுறது?"

"அப்ப அதைத் திருப்பித் தருவினம் எண்டா எவ்வளவு குடுப்பியள்?"

"ஒரு சதமும் குடுக்கமாட்டன். என்ர காணியை நான் ஏன் காசு குடுத்து வாங்கவேணும்?"

ஒன்றுக்கு விலையே இல்லை, மற்றதற்குப் பூச்சியம். கணக்கெடுப்புகளில் இப்படியான பதில்களை 'எதிர்ப்பு விடை' என்று பிரித்து ஒதுக்கிவிடுவது வழக்கம் என்று அடுத்த தவணையில் படித்தேன். அதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பாவின் பதில் பிழையான தரவு அன்று. அந்தக் கேள்வியே உரித்து யாருடையது என்று முதலில் முடிவு கட்டிவிட்டுத்தான் வருகிறது. அப்பா அந்த முடிவைத்தான் மறுத்தார். இதை விளங்கியபிறகு பொருளியல் மீது எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதை கூடியது. தன் அளவுகோல் எங்கே முறிகிறது என்று பெயரிட்டு வைத்திருக்கும் ஒரு படிப்பு அது.

வகுப்புக்கு வெளியே நிலமே பாடம் சொன்னது. துறையிலிருந்து நாலடி நடந்தால் கோ ஃபென் புல்வெளி. நகரத்தின் நடுவில் கோடைகாலத்தில் மாடுகள் மேயும். அது பொதுநிலம். 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட சட்டங்களால் இங்கிலாந்தில் 68 இலட்சம் ஏக்கர் அளவில் இப்படியான நிலம் வேலியடைக்கப்பட்டது. தப்பிய துண்டுகளில் ஒன்றுதான் அந்த மாடுகளின் புல். ஒருமுறை ஹோம் ஃபென் சதுப்புக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பக்கத்து ஏரியை வடித்து வயலாக்கிய காலத்தில், ஓர் இரும்புத் தூணை நிலமட்டத்துக்குப் புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் ஏறக்குறைய நாலு மீற்றர் வெளியே நிற்கிறது. தூண் உயரவில்லை. தண்ணீர் போன பிறகு நிலம் சுருங்கித் தாழ்ந்துவிட்டது. தண்ணீரைக் கேளாமல் நிலத்தை ஆளமுடியாது என்பதை அந்தத் தூணைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலும் அதுதான் கதை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத நாடு. சுண்ணக்கல்லுக்குள் உவர்நீருக்கு மேல் மிதக்கும் நன்னீர்தான் எங்கள் முழுச் சொத்து. அதனால்தான் உறுதியில் கிணற்றுப் பங்கு எழுதப்பட்டது. எங்கள் கிணற்றில் நாலு குடும்பத்துக்குப் பங்கு; இன்ன நாள் இன்னாருடைய இறைப்பு முறை என்று அப்பாவுக்கு இறுதிவரை மனப்பாடம். பொதுச் சொத்தை அரசும் சந்தையும் இல்லாமலே மக்கள் முறைவைத்துக் காக்கமுடியும் என்று எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அறிஞர் 1990இல் எழுதிய நூலைப் படித்தபோது, ஸ்பெயின் வாய்க்கால்களுக்கும் சுவிஸ் மேய்ச்சல் நிலங்களுக்கும் பக்கத்தில் எங்கள் பங்குக்கிணறு எனக்குத் தெரிந்தது. இலங்கையின் மாவெல்ல என்ற கரைவலை ஊரும் அந்த நூலில் உண்டு, முறை குலைந்துபோன உதாரணமாக. நான் பட்டம் பெற்று இரண்டு ஆண்டின் பின், 2009இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பத்து ஆண்டு கழித்து, சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் மின் நிலையக் கொம்பனி இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டும் என்றது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்கவேண்டும் என்ற கருத்தின் வேர், கேம்பிரிட்ஜில் இருந்து பிகு என்ற பொருளியலாளர் 1920இல் எழுதிய நூலில் இருக்கிறது.

இன்று நான் லண்டனில் ஒரு கவுன்சிலின் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். ஒருவர் தன் வீட்டைப் பின்பக்கம் நீட்ட விண்ணப்பித்தால் அயலவருக்கு அறிவித்து, கருத்துச் சொல்ல 21 நாள் கொடுப்போம். தினமும் அந்தக் கடிதங்கள் என் மேசையில் இருந்து போகும்போது எங்கள் அயலவரை நினைக்கிறேன். வடக்கு எல்லை இப்போது கனடாவின் ஸ்காபரோவில். கிழக்கு எல்லை பாரிஸில். தெற்கு எல்லை தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். மேற்கு எல்லை மட்டும் இலங்கையில், மல்லாகத்தில். 2013இல் வலிகாமம் வடக்கில் இராணுவத்துக்காக 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். காணியில் கால் வைக்க முடியாதவர்களின் கையில் இருந்தது கடதாசி ஒன்றுதான். அதன்பிறகு பல ஊர்கள் துண்டு துண்டாக விடுபட்டன. எங்கள் ஆறு பரப்பு இன்னும் கம்பிவேலிக்கு உள்ளே.

அப்பா 2019இல் காலமானார். அன்றைய குசினி மேசைப் பேச்சில் நான் எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது: எந்த மூலையில் பனை, எந்தப் பக்கம் ஒழுங்கை, இறைப்பு முறை யாருக்கு எந்த நாள். தெற்கு எல்லைக்காரரின் பிள்ளைகளை இரண்டு வருடத்துக்கு முன் தொலைபேசியில் பிடித்தேன். அவர்களின் தகப்பனும் இறந்துவிட்டார். உறுதி எங்கே என்று தெரியாது. காணி எத்தனை பரப்பு என்றும் தெரியாது. எங்கள் உறுதியில் உள்ள அவர் பெயரைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்களிடம் இப்போது உள்ள ஒரே சான்று அது.

உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்குக் காணியும் தண்ணீரும் சட்டமும் படிக்க ஆசை என்றால் மறிக்காதீர்கள். காணி இழந்த சனத்துக்கு அந்தப் படிப்பு வேண்டும். அதற்கு முன், இந்தச் சனிக்கிழமையே வீட்டில் உள்ள உறுதியை எடுத்து, உயிரோடு இருக்கும் மூத்தவருக்குப் பக்கத்தில் இருங்கள். நாலு எல்லையையும் கேட்டு எழுதுங்கள். பிறகு அந்த நாலு பேரையும் தேடிப் பிடித்து, ஆளுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.