டிஸ்க் 100 சதவீதம்

என் லேப்டாப்பை ஆன் செய்தால் உபயோகத்துக்கு வரப் பதினோரு நிமிடம் ஆகும். இது 2021-இல். உத்தேசமாகச் சொல்லவில்லை. குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவனுக்கு எதையும் நோட்டில் குறிக்காவிட்டால் தூக்கம் வராது. பட்டனை அழுத்திய நேரம், திரை வந்த நேரம், பிரவுசர் திறந்த நேரம் என்று மூன்று நாள் காலையில் எழுதி வைத்தேன். 11, 12, 11.

கதை எழுதுவதற்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அப்போது என் அக்கா பிரான்சில், தூலோனில், ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். புதுச்சேரியில் இப்படிப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. கொரோனா காலம். வெளியாட்கள் உள்ளே போகக் கட்டுப்பாடு. ஞாயிறுதோறும் ஒரு நர்ஸ் டேப்லெட்டை அக்கா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். இருபது நிமிடம்தான், அடுத்த அறையில் இன்னொருவர் காத்திருப்பார். கைபேசியின் சின்னத் திரையில் அக்கா முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. லேப்டாப்பை அரை மணி முன்னதாகவே போட்டு வைத்தாலும், பேசத் தொடங்கியதும் படம் உறைந்துபோகும். "தம்பி, இருக்கியாப்பா?" என்று குரல் மட்டும் வரும்.

கடையில் காட்டினேன். அந்தப் பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "நாலு வருஷம் ஆயிடுச்சு ஐயா. புதுசா வாங்கிடுங்க, நாற்பதாயிரத்துல நல்லதா வரும்" என்றான். பென்ஷன்காரனுக்கு 40,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. அதைவிட, "வயசாயிடுச்சு" என்ற பதில் எனக்கு எப்போதுமே பிடிக்காது. எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே டாக்டர் சொல்கிற பதில் அது.

பிரெஞ்சு மீடியத்தில் படித்ததில் இன்றுவரை உதவுவது தெகார்த். 1637-இல் அவர் வெளியிட்ட நூலில் நாலு விதிகள் இருக்கின்றன. ஒரு சிக்கலை எத்தனை கூறாகப் பிரிக்க முடியுமோ அத்தனை கூறாகப் பிரித்துப் பார் என்பது இரண்டாவது விதி. கூறு போட உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக என் எழுத்துகளையும் பழைய புகைப்படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தேன். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 9 சதவீதம். மெமரி 60. டிஸ்க் 100!

இதைப் பார்த்ததும் இடம் நிரம்பிவிட்டது என்று பலர் புகைப்படங்களை அழிக்கத் தொடங்குகிறார்கள். அது அர்த்தமில்லை. என் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. டிஸ்க் ஒரு கணமும் ஓய்வில்லாமல் வேலையில் இருக்கிறது என்பதுதான் அந்த 100.

எங்கள் ஆபீஸ் ரெக்கார்ட் ரூமில் பத்து செக்‌ஷனுக்கும் சேர்த்து ஒரே அட்டெண்டர். ஏணியில் ஏறி ஒரு ஃபைலை எடுப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து இன்னொன்று கேட்பார்கள். நாள் முழுக்க நடப்பார். மேஜைக்கு வந்து சேரும் ஃபைல் கொஞ்சம்தான். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். என்னுடையது நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கே 11 மில்லி விநாடி. அதன் முள் இடம் மாறி, தகடு சுற்றி வரக் காத்திருந்து படிக்க வேண்டும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு நூறுகூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும் நேரத்தில் அப்டேட், வைரஸ் சோதனை, தேடல் அட்டவணை என்று எல்லோரும் ஒரே சமயத்தில் அதனிடம்தான் போய் நிற்கிறார்கள்.

டாஸ்க் மேனேஜரிலேயே டிஸ்க்கின் சராசரி பதில் நேரத்தைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. பத்து, இருபது மில்லி விநாடி இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 900. படித்த அளவோ விநாடிக்கு ஒரு எம்பிதான்.

கூட்டத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஸ்டார்ட்அப் பட்டியலில் இருந்த 14-இல் வைரஸ் பாதுகாப்பு உட்பட நாலை மட்டும் விட்டேன். 8 நிமிடம் ஆனது. சிஸ்மெயின் என்ற சேவையை நிறுத்தினேன். ஏழரை. அப்டேட்டில் கை வைக்கவில்லை, அது வேண்டியது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருளில் பார்த்தால், ஒரு பழுதும் இல்லை. விளங்கிவிட்டது. டிஸ்க் நோயாளி இல்லை. வாங்கிய நாளில் எப்படிச் சுற்றியதோ அப்படியே சுற்றுகிறது. கேட்பவர்கள்தான் கூடிவிட்டார்கள்.

வேறொரு மெக்கானிக்கிடம் போய், என் நோட்டைக் காட்டி, "டிஸ்க்கை மட்டும் மாற்றுங்கள்" என்றேன். அவர் நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். எஸ்எஸ்டி என்பதில் சுற்றுகிற தகடே கிடையாது. எந்த இடத்திலிருந்தும் உடனே எடுத்துக் கொடுக்கும். பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தியது. உள்ளே இருந்ததை அப்படியே நகல் செய்து கொடுத்தார். கூலியோடு 5,200 ரூபாய். அன்று மாலை நோட்டில் எழுதியது: 26 விநாடி.

அந்த ஞாயிறு அக்கா முகம் உறையவில்லை. "ஏன்டா இப்படி மெலிஞ்சுட்ட?" என்று கேட்டார். அதன் பிறகு ஒன்றரை வருஷம், ஞாயிறு தவறாமல் பேசினோம். 2023 தொடக்கத்தில் அக்கா காலமானார். அந்த இருபது நிமிடங்களில் ஒன்றுகூட வீணாகப் போகவில்லை என்பது எனக்குப் போதும்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப் மெதுவாக இருந்தால் கடைக்குப் போகுமுன் அந்த மூன்று பட்டன்களை அழுத்திப் பாருங்கள். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. இடம் இல்லாமல் டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். மெமரி சரியாக இருந்து டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால், உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று பாருங்கள். டிஸ்க்கில் பழுது என்று தெரிந்தால் மற்றதை விட்டுவிட்டு முதலில் நகல் எடுங்கள். எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கையில் எண் இருந்தால், "வயசாயிடுச்சு" என்று சொல்லி யாரும் உங்களை அனுப்பிவிட முடியாது.