பாட்டுக்கு நடுவே ஒரு ‘ம்ம்ம்...’

செல்போனில் இருக்கும் பாட்டு உண்மையில் பாட்டு அல்ல, எல்லாம் எண்கள். ஒரு சி.டி-யில் ஒரு விநாடிப் பாட்டைப் பதிவுசெய்ய, ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருப்பார்கள். இடது காதுக்குத் தனி எண்கள், வலது காதுக்குத் தனி எண்கள்.

நம் காதுக்கு எண்கள் புரியாது. அதற்குக் காற்று அதிர வேண்டும். காற்றை அதிரவைக்க ஸ்பீக்கர் வேண்டும். ஸ்பீக்கரை அசைக்க, ஒலிக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் மின்சாரம் வேண்டும். எண்களை அந்த மின்சாரமாக மாற்றித் தருகிற மொழிபெயர்ப்பாளர்தான் ‘டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர்’. சுருக்கமாக, ‘டேக்’.

இது ஏதோ பணக்காரர்கள் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் செல்போன், டி.வி, லேப்டாப், ப்ளூடூத் ஹெட்போன் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு குட்டி டேக் இருக்கிறது. ஹெட்போன் ஓட்டை இல்லாத போன்களுக்கு, டைப்-சி-யில் சொருகும் ஒரு குட்டி ஒயர் விற்கிறார்களே, பெரும்பாலும் அதற்குள் இருப்பதும் டேக்தான். இதையே தனிப்பெட்டியாக வாங்கி வீட்டு ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. லேப்டாப்புக்குள் ஏகப்பட்ட மின்சுற்றுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சந்தடியில் இருந்து விலகி நின்று மொழிபெயர்த்தால் ஒலி சுத்தமாக வரும் என்பதுதான் காரணம்.

ஆனால், தனிப்பெட்டி என்று வந்துவிட்டால் அதற்குத் தனியாக கரன்ட் கொடுக்க வேண்டும். அங்கேதான் பல வீடுகளில் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மதுரையில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த அம்மாள் மேடையேறிப் பாடியவர் அல்ல. சமைக்கும்போதும் பேரனைத் தூங்கவைக்கும்போதும் பாடியவர். அவர் பாடியதை மகள் எப்போதோ ஒரு கேசட்டில் பதிவுசெய்து வைத்திருந்தார். ஒரு பக்கம் அரை மணி நேரம். வீட்டில் அவர் குரல் மிச்சமிருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான்.

நாடா அறுந்துவிடுமோ என்ற பயத்தில், மகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கரிலும் கேட்கட்டும் என்று ஒரு டேக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். இணைக்கும் வேலை, கல்லூரியில் படிக்கும் பேரனுக்கு.

முதல் சோதனை அடாப்டரில் வந்தது. டேக்கோடு வந்த அடாப்டர் எங்கேயோ காணாமல்போயிருந்தது. பேரன், பழைய செட்-டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்தான். பின் கச்சிதமாகப் பொருந்தும்போல இருந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டின் முதுகையும் படித்தார். டேக்கில் 5 வோல்ட் என்று இருந்தது. அடாப்டரில் 12 வோல்ட்.

“பின்னு சேர்ந்தா போதாதுய்யா, வோல்ட்டு சேரணும்” என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

அவர் பார்த்த விஷயங்களை எல்லோருமே பார்க்கலாம். பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அடாப்டரின் அவுட்புட் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. 1 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் ஒன்றும் ஆகாது. பெட்டி தனக்குத் தேவையானதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். அடுத்து, ஏ.சி-யா, டி.சி-யா என்று பார்க்க வேண்டும். சில பழைய மாடல்கள் ஏ.சி அடாப்டர் கேட்கும். கடைசியாக, பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா, மைனஸ்ஸா என்று காட்டும் குட்டிப் படம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்குப் போய், சரியான அடாப்டர் வாங்கி வந்து மாட்டினார்கள். லேப்டாப்பில் பாட்டைப் போட்டான் பேரன். பாட்டியின் குரல் வந்தது. கூடவே, ‘ம்ம்ம்...’ என்று ஒரு முனகலும் வந்தது.

அந்த அம்மாள் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நிறுத்தி மூச்சு வாங்குவார். குழந்தை என்னவோ செய்ய, மெல்லச் சிரிப்பார். அந்த இடங்களில் எல்லாம் முனகல் முன்னால் வந்து நின்றது. கேசட்டே கெட்டுப்போய்விட்டதோ என்று பெரியவரின் முகம் வாடியது.

பேரன் பாட்டை நிறுத்தினான். முனகல் நிற்கவில்லை! அப்படியென்றால், கோளாறு பதிவில் இல்லை, இணைப்பில்தான் இருக்கிறது. காசு செலவில்லாத முதல் சோதனை இது. பாட்டை நிறுத்தியதும் சத்தமும் நின்றால், அது பதிவோடு வந்தது. நிற்காவிட்டால், வீட்டு ஒயர்களுக்கு நடுவே தேட வேண்டும்.

அடுத்து, லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து உருவினான். முனகல் சட்டென்று அடங்கியது. மறுபடி சொருகினான். மறுபடி வந்தது.

காரணம் இதுதான். ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று பின் பிளக். லேப்டாப் சார்ஜருக்கும் மூன்று பின். ஒன்று ஹாலின் இந்த மூலையில், இன்னொன்று எதிர்ச் சுவரில். இரண்டும் வீட்டு எர்த்தில் போய்ச் சேருகின்றன. லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் யு.எஸ்.பி ஒயர், டேக், சிவப்பு வெள்ளை ஆடியோ ஒயர் வழியாகவும் இணைத்தாயிற்று. ஆக, எர்த்தைச் சுற்றி ஒரு வளையம் உருவாகிவிட்டது. நம் வீட்டு கரன்ட் விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அதன் சிறு கசிவு இந்த வளையத்தில் ஓடும்போது, ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. இதைத்தான் ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள். இதில் டேக்கின் மேல் குற்றம் இல்லை.

பேரன் போனில் தேடினான். உடனே உற்சாகமானான். “தாத்தா, ரொம்ப ஈஸி. ஆம்ப்ளிஃபயர் பிளக்குல எர்த் பின்னைக் கழட்டிட்டா சத்தம் போயிடுமாம்.”

பெரியவர் பேரனின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டார். “அந்தப் பின்னு பாட்டுக்கு இல்லய்யா, உசுருக்கு. சத்தத்தோடவே கேட்டுக்கிறேன், அதுல கை வைக்காத.”

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக, தடிமனாக இருப்பதைப் பார்த்திருப்போம். சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும். உருவும்போது கடைசியில்தான் பிரிய வேண்டும். அதற்காகவே அந்த நீளம். ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஒயர் தேய்ந்து இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட் கரன்ட் எர்த் வழியாகப் பாய, ஃபியூஸ் போகும் அல்லது டிரிப் ஆகும். எர்த் பின் இல்லையென்றால், பெட்டி அமைதியாக, பாடிக்கொண்டே காத்திருக்கும். அடுத்து அதைத் தொடுகிறவர் வழியாக அந்தக் கரன்ட் இறங்கும். கம்பத்தில் ஏறிப் பிழைத்த மனிதருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு என்னதான் வழி? பெரியவரே யோசனை சொன்னார். ஆம்ப்ளிஃபயர், டேக், லேப்டாப் சார்ஜர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகச் சொன்னார். வளையம் சின்னதானது, முனகலும் பெருமளவு குறைந்தது. மிச்சமிருந்ததை விரட்ட, பாட்டு கேட்கும் நேரத்தில் சார்ஜரை உருவிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினார்கள். அரை மணி நேரக் கேசட்டுக்கு பேட்டரி தாராளம்.

முனகல் போனதும் வேறொன்று கேட்டது. பாடலுக்குப் பின்னால், தூரத்தில், குக்கர் விசில். “அய்யய்யோ, பருப்பு!” என்று பாட்டை நிறுத்திவிட்டு ஓடுகிற குரல். அது பதிவில் இருப்பதே வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பெரியவர் அந்த இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை.

கேசட்டுக்கே உரிய ‘ஸ்ஸ்’ இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. அது எண்களோடு எண்களாகப் பதிவாகிவிட்டது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் டேக் அதை நீக்காது. பதிவில் இல்லாததைச் சேர்க்கவும் செய்யாது. உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் நல்ல மொழிபெயர்ப்பாளரின் வேலை.

டி.வி-யோடு டேக்கை இணைப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. பல டி.வி-க்களின் பின்னால் ‘ஆப்டிகல்’ என்று ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஒயரில் போவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். மின் இணைப்பே இல்லாததால் அந்த வழியாக வளையமும் உருவாகாது. டேக்கிலும் அதே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். லேப்டாப்பில்தான் கேட்பேன், சார்ஜரையும் உருவ முடியாது என்பவர்களுக்கு ‘யு.எஸ்.பி ஐசொலேட்டர்’ என்ற சிறு கருவி கிடைக்கிறது.

அணைக்கும்போதும் ஒரு முறை உண்டு. போடும்போது டேக் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரலாம். அது ஸ்பீக்கருக்கு நல்லதல்ல. மின்கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் டேக், இரண்டரை வாட்தான். ஆண்டு முழுக்க அணைக்காமல் விட்டாலும் சுமார் 22 யூனிட்.

டேக்குக்கென்றே விலை உயர்ந்த பவர் சப்ளைகளும் விற்கிறார்கள். வாங்கும் முன், பாட்டை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள். எந்தச் சத்தமும் இல்லையா? நல்ல டேக்கிலேயே கரன்ட்டைச் சீராக்கும் பகுதி இருக்கிறது, செலவு தேவையில்லை. சத்தம் இருக்கிறதா? ஒவ்வொரு பிளக்காக உருவிப் பாருங்கள்; திருடன் பிடிபடுவான். பிளக் பாயின்ட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அந்த மூன்றாவது பின்னை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள்.