சாவி யாரிடம்?

பத்திரிகை ஆசிரிய பீடத்தில் நான் பணியாற்றிய காலத்தில், புனைபெயரில் செய்தி அனுப்பிய பிரதேச நிருபர்களின் உண்மைப் பெயர்கள் ஒரேயொரு கொப்பியில் இருந்தன. கொப்பி ஆசிரியரின் மேசை லாச்சியில். சாவி அவரது சட்டைப் பையில்.

அந்த நிருபர்களுள் எஞ்சியோர் தமது நினைவுகளை எழுதிச் சேர்ப்பதற்கென இணையச் செயலி ஒன்றை அண்மையில் உருவாக்க முனைந்தோம். நிரல் எழுதும் பொறுப்பை என் தங்கையின் மகன் ஏற்றான். "உள்ளே வருபவர் யாரென்று எதைக்கொண்டு உறுதிப்படுத்துவது, மாமா?" என்று அவன் கேட்டபோது அந்த லாச்சிதான் நினைவுக்கு வந்தது.

மூன்று வழிகளை அவன் முன்வைத்தான். முதலாவது, நாமே நிரல் எழுதிக் கடவுச்சொற்களைக் காப்பது. 2009இல் ரொக்யூ நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 இலட்சம் வரையிலான கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அவை எவ்வித மறைப்புமின்றி எழுதியபடியே சேமிக்கப்பட்டிருந்தன. இத்துறையில் இயங்கிய நிறுவனமே விட்ட தவறை நாம் விடமாட்டோம் என்று எண்ணுவது பேதைமை.

இரண்டாவது, கூகுள் கணக்கினால் நுழையவிடுவது. 2014இல் வெளியான ஓப்பின்ஐடி கனெக்ட் என்னும் நியமம் இதற்கு வழிசெய்கிறது. கடவுச்சொல் எம்மிடம் வராது, காக்கும் சுமையுமில்லை. ஆனால், எமது வாயிலுக்கு யார் வருகிறார் என்பதை அந்நிறுவனம் அறியும். பெயரை மறைத்தே உயிர் காத்தவர்களை அவ்வழியால் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, கீகுளோக் என்னும் திறமூல மென்பொருள். எமது வழங்கியிலேயே அதனை நிறுவலாம். கடவுச்சொல்லை அது மீளப்பெற முடியாத குறியீடாக மாற்றி வைக்கும். விரும்பினால், கைத்தொலைபேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணையும் இரண்டாவது சாவியாகக் கேட்கச் செய்யலாம். குறுஞ்செய்தி தேவையில்லையாதலால், நாடு மாறித் தொலைபேசி இலக்கத்தை மாற்றியவர்களுக்கும் இடரில்லை.

இதனையே தெரிவு செய்தோம். இதற்கும் விலையுண்டு. குறைபாடு கண்டறியப்படும் போதெல்லாம் புதிய பதிப்பை நாமே தாமதமின்றி நிறுவ வேண்டும். மருமகன் அப்பொறுப்பையும் ஏற்றிருக்கிறான்.

பதிவுப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் நீக்கச் சொன்னேன். புனைபெயரும் மின்னஞ்சல் முகவரியும் போதும். எந்தப் பூட்டும் ஒருநாள் உடையலாம். அன்று உடைப்பவர் கையில் அந்தப் பழைய கொப்பி மட்டும் அகப்படக்கூடாது.